வெள்ளிப்புள்ளித் தாவி: டென்பீஸ் சரிவில் மூன்று கோடைகள்

அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. யூன் மாதத்துக் கடைசி ஞாயிறு, லண்டனுக்குத் தெற்கே சறே மாவட்டத்தில் உள்ள பொக்ஸ் ஹில் மலையடிவாரத்தில் ஒரு பற்றையோரம். இலையொன்றில் குந்தியிருக்கும், தாவி என்ற வகையைச் சேர்ந்த செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி; முன்சிறகின் குறுக்கே கறுத்தக் கோடு, நுனிப்பக்கமாகச் சில வெளிறிய புள்ளிகள். வெள்ளிப்புள்ளித் தாவி என்று முடிவுகட்டி, இடமும் நேரமும் எழுதி, வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டவர்கள் அறிவிக்கும் பதிவேட்டுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் சரிபார்ப்பவரிடமிருந்து மறுமொழி வந்தது. அதில் இரண்டே கேள்விகள்: சிறகின் கீழ்ப்பக்கம் தெரியும் படம் இருக்கிறதா? திகதி சரிதானா?

கீழ்ப்பக்கப் படம் என்னிடம் இல்லை. திகதி சரிதான்; பதிவைத் தள்ளிவைக்க அந்தத் திகதியே போதும். வெள்ளிப்புள்ளித் தாவி தென் இங்கிலாந்தில் யூலைக் கடைசியில்தான் பறக்கத் தொடங்கும். ஓகஸ்ட் முழுக்க நின்று செப்டெம்பரில் அடங்கிப்போகும். யூன் கடைசியில் அது புல்லடியில் புழுவாகத்தான் கிடந்திருக்கும். நான் படம்பிடித்தது பெருந்தாவி என்ற வேறோர் இனம். யூனில் இங்கே எந்தப் பற்றையோரத்திலும் கிடைப்பது.

அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். உண்மையான வெள்ளிப்புள்ளித் தாவியைக் கண்ணால் காண அதற்குப் பிறகு எங்களுக்கு இன்னும் இரண்டு கோடைகள் ஆயின. அந்தத் தேடலில் எங்கே பிழைத்தோம், எது வழிகாட்டியது என்பதை ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன். குறொய்டன், சட்டன், டூட்டிங் பக்கம் குடியிருக்கும் எங்கள் சனம் பொக்ஸ் ஹில்லுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பது குறைவு. சோறும் கறியும் கட்டிக்கொண்டு போய், மேலே நின்று படம் எடுத்து, ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத் திரும்புகிறோம். அதே மலைத்தொடரின் தென்சரிவில், இங்கிலாந்திலேயே ஒருசில மாவட்டங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு பூச்சி எங்கள் காலடியில் பறந்துகொண்டிருக்கிறது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

வண்ணத்துப்பூச்சிகளில் தாவிகள் தனிக் குடும்பம். தடித்த உடல், பெரிய தலை, தூரத்தூரத் தள்ளி முளைத்த உணர்கொம்புகள், அவற்றின் நுனியில் தூண்டில்போல ஒரு வளைவு. பறக்கிறது என்பதைவிட எறிபடுகிறது என்று சொல்லலாம். ஓரிடத்தில் மறைந்து அடுத்த இடத்தில் இருக்கும். ஊரில் நெல்வயல் வரம்பில் நடக்கும்போது காலுக்கு முன்னால் சட்டென்று எழும்பி நாலடி தள்ளிக் குந்தும் மண்ணிறப் பூச்சிகள் ஞாபகமிருந்தால், அவையும் இந்தக் குடும்பந்தான். அவற்றின் புழு நெல்லிலையைச் சுருட்டித் தின்னும்.

நான் தேடிய பூச்சியின் அறிவியற்பெயர் ஹெஸ்பீரியா கொம்மா. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பெயர் வைத்தது. இங்கிலாந்தில் இதைச் சில்வர் ஸ்பொட்டெட் ஸ்கிப்பர் என்கிறார்கள். வெள்ளிப்புள்ளித் தாவி என்பது நானும் மகளும் வீட்டில் புழங்கும் பெயர். இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் கொம்மா என்றே பெயருள்ள வேறொரு வண்ணத்துப்பூச்சி உண்டு; ஓரம் கிழிந்தது போன்ற சிறகும் பின்சிறகின் அடியில் காற்புள்ளி போன்ற வெள்ளைக் கீறலும் கொண்டது. இதற்கும் அதற்கும் உறவில்லை. மற்றப் பொறி கடலுக்கு அப்பால். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடம் இதைப்பற்றிச் சொன்னபோது, “எங்கடை வீட்டுத் தோட்டத்திலை நிறைய நிக்குதே” என்று ஒரு படம் அனுப்பினா. கறுத்த மண்ணிறச் சிறகின் கீழே பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று. வட அமெரிக்காவில் சில்வர் ஸ்பொட்டெட் ஸ்கிப்பர் என்ற அதே பெயர் எபார்கிறியஸ் கிளாறஸ் என்ற வேறு இனத்துக்குப் போய்விட்டது. அது அவரை இனச் செடிகளிலும் மரங்களிலும் முட்டையிடுவது. புல்லோடு அதற்குத் தொடர்பில்லை. ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துப் படம் தேடினால் பாதிக்குமேல் அமெரிக்கப் பூச்சிதான் வந்து நிற்கும். அறிவியற்பெயரைப் போட்டுத் தேடுவதே பாதுகாப்பு.

எதை எதிலிருந்து பிரிப்பது

பிரித்தானியாவில் செம்மஞ்சள் நிறத் தாவிகள் ஐந்து. லல்வேர்த் தாவி டோர்செற் கடற்கரையை அண்டியே வாழ்வது. சறே மாவட்டத்தில் அதை மறந்துவிடலாம். மீதி நாலு: சிறுதாவி, எசெக்ஸ் தாவி, பெருந்தாவி, வெள்ளிப்புள்ளித் தாவி.

சிறுதாவியும் எசெக்ஸ் தாவியும் ஒன்றுபோல இருப்பதில் பேர்போனவை. எசெக்ஸ் தாவியின் உணர்கொம்பு நுனியின் அடிப்பக்கம் கறுப்பு மையில் தோய்த்ததுபோல இருக்கும். சிறுதாவிக்கு அதே இடம் செம்மஞ்சள். ஆனால் எங்கள் தேடலுக்கு அந்தச் சண்டை தேவையில்லை. இரண்டுக்கும் சிறகில் புள்ளியே இல்லை, வெறும் செம்மஞ்சள் வெளிதான். புள்ளியோ கட்டமோ தெரிந்தால் அவை இரண்டும் கழிந்துவிடும்.

ஆக, கேள்வி முழுவதும் பெருந்தாவிக்கும் வெள்ளிப்புள்ளித் தாவிக்கும் இடையில்தான். மேற்பக்கத்தைப் பார்த்து நான் ஏமாந்ததில் வியப்பில்லை. இரண்டின் ஆணுக்கும் முன்சிறகில் கறுத்தக் கோடு இருக்கிறது. வாசனைச் செதில்கள் அடைந்த கோடு அது. இரண்டுக்கும் சிறகோரம் மண்ணிறம், நுனியில் வெளிறிய புள்ளிகள். வெள்ளிப்புள்ளித் தாவியின் மேற்புள்ளிகள் இன்னும் வெளுப்பாகவும் தெளிவாகவும் இருக்கும்தான். ஆனால் சிறகு தேய்ந்த பூச்சியிலும், வெய்யில் பளிச்சிடும் படத்திலும் அதை நம்ப முடியாது.

கீழ்ப்பக்கந்தான் தீர்ப்புச் சொல்லும். பெருந்தாவியின் பின்சிறகின் அடியில் இருப்பவை மங்கலான மஞ்சள் திட்டுகள். ஓரம் கரைந்து நிறத்தோடு நிறமாகக் கலந்திருக்கும். வெள்ளிப்புள்ளித் தாவிக்கு அடிநிறமே பச்சை கலந்தது, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் ஓரம் வெட்டினதுபோல நிற்கும். பாசி பிடித்த மதிலில் சுண்ணாம்பு தெறித்தால் எப்படியிருக்கும், அப்படி. ஒருமுறை கண்டவருக்குப் பிறகு சந்தேகம் வராது. ஆனால் இந்தத் தாவிகள் வெய்யில் காயும்போது முன்சிறகைப் பாதி தூக்கி, பின்சிறகைத் தட்டையாக விரித்துக்கொண்டு, சின்ன ஜெற் விமானம் போல இருக்கும். அந்த நிலையில் மேற்பக்கந்தான் தெரியும். தேன் குடிக்கும்போது சிறகை மேலே மூடுவது அடிக்கடி நடக்கும். அதுவரை பக்கவாட்டில், பூவின் உயரத்துக்குக் கமராவைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். நிழல் பூச்சிமேல் விழுந்தால் அது போய்விடும்.

இதெல்லாம் புத்தகத்தில் உள்ள அடையாளம். புத்தகத்தில் அவ்வளவு அழுத்திச் சொல்லப்படாத இன்னோர் அடையாளம் உண்டு. எனக்கு அது பிறகுதான் பிடிபட்டது. பெருந்தாவி முட்டையிடுவது பெரும்பாலும் கொக்ஸ்ஃபுட் போன்ற உயர்ந்த புல்லில். சிறுதாவிக்கு யோர்க்‌ஷயர் ஃபொக் என்ற மெத்தைபோன்ற புல். அதுவும் வளரவிட்டால் முழங்கால் வரும். வெள்ளிப்புள்ளித் தாவி இங்கிலாந்தில் ஒரேயொரு புல்லையே நம்பியிருக்கிறது: ஷீப்ஸ் ஃபெஸ்க்யூ. இலை ஊசிபோல மெல்லியது, மடிந்து கம்பியாகச் சுருண்டது, சற்று நீலம் பாய்ந்த பச்சை. வேரோடி விரியாமல் தனித்தனிக் குஞ்சங்களாக நிற்கும். அந்தப் புல் எல்லா உயரத்திலும் பயன்படாது. சில சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்துவிட்டால் பெண்பூச்சி அதைத் திரும்பியும் பாராது. எனவே தாவி முழங்கால் உயரப் புல்லில் நிற்கிறதா, தரையோடு தரையாக மேய்ந்த புல்லில் நிற்கிறதா என்பதே, சிறகைப் பார்க்க முன்னரே பாதிப் பதிலைத் தந்துவிடும்.

தேடிப் பிழைத்த கோடை

இரண்டாம் கோடையில் திகதியைத் திருத்திக்கொண்டோம். ஓகஸ்ட் நடுப்பகுதி. இடம் டென்பீஸ் ஹில்சைட்: டோர்க்கிங் நகருக்கு வடமேற்கே, மோல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மறுகரையில், பொக்ஸ் ஹில்லைப் பார்த்தபடி நிற்கும் சுண்ணாம்புப்பாறைச் சரிவு. இரண்டுமே இயற்கையிடங்களையும் பழைய கட்டடங்களையும் பேணும் நஷனல் ட்ரஸ்ட் என்ற தொண்டமைப்பின் பராமரிப்பில் உள்ளவை. ரான்மோர் பக்கமாக மேலே வாகனத்தை விட்டுவிட்டு இறங்கினால் தெற்கு நோக்கிய முழுச் சரிவும் கண்முன் விரியும்; கீழே டோர்க்கிங்கின் தேவாலயக் கூர்மாடம் தெரியும்.

மூன்று மணித்தியாலம் நடந்தோம். பூ நிறைந்த இடமாகப் பார்த்துப் பார்த்துப் போனோம். ஊதா நிறத்து நாப்வீட் இடுப்புக்கு வந்த இடத்தில் ஒரு மணித்தியாலமே நின்றிருப்போம். சோக்ஹில் நீலன் என்ற வண்ணத்துப்பூச்சிகள் பல இருந்தன, வெளிறிய வெள்ளிநீலச் சிறகுகள். புற்றாளில் சிறகை மூடித் தலைகீழாகத் தொங்கின. மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. தாவி ஒன்றுகூட இல்லை.

வரும் வழியில், கையில் எழுதுபலகையோடு மெல்ல நடந்துவந்த ஒரு முதியவரைக் கண்டோம். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர்க் கடைசிவரை வாரம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து, இருபுறமும் சேர்த்து ஐந்து மீற்றர் அகலத்துக்குள் தென்படும் வண்ணத்துப்பூச்சிகளை மட்டும் எண்ணுகிற தொண்டர்களில் ஒருவர். 1976-இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பு இன்றும் இப்படித்தான், பெரும்பாலும் தொண்டர்களின் கால்களில் நடக்கிறது. வெள்ளிப்புள்ளித் தாவியைத் தேடுகிறோம் என்றேன். வானத்தைப் பார்த்தார். மேகம் மூடியிருந்தது, வெப்பம் 17, 18 பாகைக்கு மேல் இராது. இந்தக் குளிருக்கு அது எழும்பாது, புல்லுக்குள் ஒடுங்கியிருக்கும், 20 பாகையாவது வேண்டும் என்றார். பிறகு நாங்கள் வந்த வழியைக் காட்டி, அவ்வளவு உயரமான புல்லில் என்ன தேடினீர்கள் என்று கேட்டார். பூவைப் பார்த்துப் போகாதீர்கள், வெறும் தரை தெரியும் இடமாகப் பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் பாதையில் இறங்கிப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சின் காரணத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அங்கேதான் முயல் வந்தது.

முயல் செத்தால் தாவி சாகும்

சுண்ணாம்புப்பாறை மேல் மண் ஒரு சாண்கூட இராது. நீர் நிற்காது, சத்தும் குறைவு. அந்த ஏழை மண்ணில் எந்த ஒரு செடியும் மற்றதை விழுங்கி வளர முடியாததால்தான் இத்தனை வகைப் பூக்கள் குட்டையாக, நெருக்கமாக, ஒன்றோடொன்று பின்னி நிற்கின்றன. ஆனால் அந்த நிலை தானாக நிற்பதில்லை. நூற்றாண்டுகளாக ஆடு மேய்ந்தது, ஆட்டுக்குப் பிறகு முயல் மேய்ந்தது, அதனால் நின்றது. இருபதாம் நூற்றாண்டில் செங்குத்தான சரிவுகளில் ஆடு விடுவது இலாபமில்லாத வேலையாகி, மந்தைகள் விலகியபோது, புல்லைக் கட்டையாக வைத்திருந்தது முயல் மட்டுமே.

1953-இல் மிக்சோமடோசிஸ் என்ற முயல்நோய் கென்ற் மாவட்டத்தில் வந்திறங்கியது. இரண்டொரு வருடத்துக்குள் நாட்டின் முயல்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் செத்துப்போயின. பயிர்க்காரருக்கு அது நிம்மதி. சரிவுகளில் புல் எழும்பியது; வெறும் தரை மூடுண்டது; பின்னால் பற்றை வந்தது. ஷீப்ஸ் ஃபெஸ்க்யூ புல் அழிந்துவிடவில்லை, அதே இடத்தில் அடர்ந்து உயர்ந்து நின்றது. தாவிக்கு மட்டும் அது புல்லாகப் படவில்லை. 1982-இல் சூழலியலாளர் ஜெரெமி தோமசும் கூட்டாளிகளும் நாட்டில் மிஞ்சியிருந்த தாவிக் குடிகளை, அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் கூட்டங்களை, தேடி எண்ணியபோது மொத்தம் 70-க்கும் குறைவு.

பெருநீலன் என்ற லாஜ் புளூ வண்ணத்துப்பூச்சிக்கும் இதே கதி நேர்ந்தது. குட்டைப்புல்லின் சூட்டில் வாழும் ஒருவகைச் சிவப்பெறும்பை அது நம்பியிருந்தது. புல் வளர எறும்பு போனது, எறும்பு போக 1979-இல் அது இங்கிலாந்திலிருந்தே அற்றுப்போனது. அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தவரும் தோமஸ்தான். பிறகு சுவீடனிலிருந்து கொண்டுவந்து அதை மீளக் குடியேற்றினார்கள். வெள்ளிப்புள்ளித் தாவி அந்த விளிம்புவரை போய்த் திரும்பியது.

ஏன் வெறும் தரை? சூடுதான் காரணம். இந்த இனத்துக்கு இங்கிலாந்து அதன் பரம்பலின் குளிர்ந்த வடமேற்கு விளிம்பு. வெய்யில் படும் வெள்ளை மண்ணோரம் இருக்கும் புல்லின் அடி, சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவோ சூடு. பெண்பூச்சி அங்கேதான் முட்டை வைக்கிறது. அங்கேதான் புழு போதிய வேகத்தில் வளர முடியும். வெய்யில் நாளில் அந்த மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுத்து இருபது சென்ரிமீற்றர் புல்லை விலக்கி அதன் அடியில் கையை வையுங்கள். பின்னது ஈரமும் குளிரும். ஒரே சரிவில் இரண்டு தேசங்கள்.

கண்ட நாள்

மூன்றாம் கோடை, ஓகஸ்ட் இரண்டாம் வாரம், முகில் இல்லாத நாள். காலை பத்தரைக்கே 23 பாகை. இம்முறை பூவைத் தேடவில்லை. சரிவில் குறுக்காக ஓடும் கால்நடைத் தடங்களைப் பிடித்து நடந்தோம். இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட கறுப்பு மாடுகளை, பெல்டட் காலோவே என்ற இனத்தை, இந்தப் பக்கம் மேயவிடுகிறார்கள். அவற்றின் குளம்பு பட்ட இடமெல்லாம் புல் கிழிந்து வெள்ளை மண் தெரிந்தது. முயல் பறித்த குழிகளின் விளிம்பிலும் அப்படியே. அந்த மண்ணோரங்களில் ஃபெஸ்க்யூ குஞ்சம் குஞ்சமாக நின்றது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து உருட்டினால் நூல்போல உருண்டது. அளவுகோலை வைத்தேன்: இரண்டரை சென்ரிமீற்றர்.

இனி இங்கே நிற்போம் என்று நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இருந்தோம். குட்டை முட்செடியைப் பார்த்து இருக்கவேண்டும். தண்டில்லாமல் தரையில் தட்டையாகப் பரவி நடுவில் ஒரு ஊதாப் பூ வைக்கும் செடி அது. கவனிக்காமல் இருந்தவர்கள் எழும்பும் வேகம் தனி. வெள்ளிப்புள்ளித் தாவி மிகவும் விரும்பும் தேன் அதில்தான் இருக்கிறது என்பதால் நாங்கள் அதை விட்டுத் தூரப் போகவும் முடியாது.

முதலில் கண்டது ஒரு நிழலை. மண்மேல் ஏதோ சறுக்கிக்கொண்டு போனது, பூச்சியைக் காணவில்லை. இரண்டு நிமிடத்தில் மறுபடியும். பிறகு மகளின் குரல் மெதுவாக வந்தது.

“அப்பா, இஞ்சை வாங்கோ. நிழல் விழாமல் வாங்கோ.”

முழங்காலில் ஊர்ந்து போனேன். முட்செடிப் பூவில் தலையைப் புதைத்தபடி ஒரு தாவி. முன்சிறகு பாதி தூக்கியிருந்தது.

“கீழ்ப்பக்கம் தெரியுதோ பிள்ளை?”

“இல்லை. பொறுங்கோ... இப்ப மூடுது. பச்சை. அப்பா, பச்சையும் வெள்ளைப் புள்ளியும்.”

நான் என் பக்கத்திலிருந்து பார்த்தபோது அது சிறகை முழுதாக மூடியிருந்தது. அவள் சொன்னது சரி. பாசிப் பச்சை, அதில் ஒழுங்கற்ற வளைவாகச் சிதறிய வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் மெல்லிய கரும்பச்சை விளிம்போடு. வெய்யில் சாய்ந்து பட்டபோது அவை வெள்ளி என்று சொல்லத்தக்கதாகவே மின்னின. பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தவில்லை. உணர்கொம்பின் நுனி கறுத்து ஒரு கூரோடு வளைந்திருந்தது. நாலு படம் எடுத்தேன். மூன்றில் கீழ்ப்பக்கம் தெளிவாக இருந்தது. பிறகு அது இல்லை. போன திசையைக்கூட நாங்கள் இருவரும் வேறுவேறாகச் சொன்னோம்.

அன்று ஒரு மணிக்குள் எத்தனை தனிப்பூச்சிகளைக் கண்டோம் என்று எழுத முனைந்து, கைவிட்டேன். ஒரே ஆண் தன் மூலையைச் சுற்றிச் சுற்றி வந்து இருப்பதை நாலாக எண்ணிவிடுவது மிக இலகு. ஒரே நேரத்தில் கண்ணில் பட்டவை மூன்று என்று மட்டும் பதிவில் போட்டேன். எண்ணிக்கையில் ஆசைப்படாமல் இருப்பது பதிவு வைப்பவர்கள் எல்லோரும் பழகவேண்டிய ஒன்று.

முட்டை

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பெண்பூச்சியின் நடத்தை மாறியதைக் கவனித்தோம். அதுவரை கண்டவை எல்லாம் எறிபட்டுத் திரிந்தன. இது தரைக்கு ஒரு சாண் மேலே, தயங்கித் தயங்கி, எதையோ தவறவிட்டதுபோலப் பறந்தது. மாட்டுக் குளம்புத் தடத்தின் வெறும் மண்ணில் இறங்கியது. சிறகை விரித்துச் சிலநேரம் காய்ந்தது. பிறகு நடந்து, ஆம் நடந்து, பக்கத்துக் குஞ்சத்துக்குள் போய், வயிற்றை வளைத்துப் புல்லிலையில் ஒற்றி, எடுத்தது. ஒரே முட்டை. உடனே பறந்து இன்னொரு தடத்துக்குப் போய்விட்டது.

அது போன பிறகும் நாங்கள் அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் திரும்பக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். வெளிறிய பால்நிறம். மேலே குறுகி அடியில் அகன்று, சிரட்டையைக் கவிழ்த்துவைத்ததுபோல இருந்தது. கைவில்லையால் பார்த்தபோது மேற்பரப்பு நுண்ணிய பொளிவோடு மங்கலாக ஒளிர்ந்தது. குஞ்சத்தின் உயரம் 2 சென்ரிமீற்றர். முட்டையிலிருந்து வெறும் மண் ஒரு விரல் தூரம். குஞ்சம் நின்ற பக்கம் தெற்கு.

இன்னும் ஒரு முட்டையை நாங்களே தேடிக் கண்டோம், பூச்சி காட்டாமல். அதே மாதிரித் தடம், அதே மாதிரிக் குஞ்சம். ஆசை தீரத் தேடியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு அடியும் இன்னொரு குஞ்சத்தில் விழுகிற இடம் அது. இலையைப் பிரித்துப் பார்ப்பது, புல்லைப் பிடுங்குவது, கல்லை நகர்த்துவது எதுவும் கூடாது. பாதையோரத்திலிருந்து எட்டிப் பார்க்கக்கூடியது போதும்.

இந்த முட்டை அப்படியே குளிர்காலத்தைக் கழிக்கும். பனி, மழை எல்லாம் அதன் மேலால் போகும். மார்ச்சில் புழு வெளிவந்து, புல்லிலைகளைப் பட்டுநூலால் சேர்த்துச் சின்னக் கூடாரம் கட்டி, அதற்குள் இருந்து தின்னும். ஒலிவ் பச்சை உடல், கறுத்த தலை. யூலையில் புல்லடியில் கூட்டுப்புழுவாகி, இரண்டு வாரத்தளவில் பறக்கும். ஆக, ஒரு வருடத்தின் பெரும்பகுதிக்கு இந்த வண்ணத்துப்பூச்சி என்பது ஒரு மில்லிமீற்றர் வெள்ளைப் புள்ளி, இரண்டு சென்ரிமீற்றர்ப் புல்லில்.

மீண்டு வந்த கணக்கு

1982-இல் 70-க்கும் குறைவாக இருந்த குடிகள் 2000-இல் திரும்ப எண்ணியபோது 250-ஐத் தாண்டியிருந்தன. முயல்கள் நோயெதிர்ப்புப் பெற்றுத் திரும்பிப் பெருகின. பராமரிப்பவர்கள் ஆட்டையும் மாட்டையும் திட்டமிட்டு மேயவிட்டார்கள். மூன்றாவது காரணம் கோடை சூடானது. இதில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு ஒன்று இருக்கிறது. 1982-இல், முட்டையிட மிகவும் பொருத்தமான இடத்தில் வெறும் தரையின் பங்கு 41 வீதம். 2001, 2002-இல் மறுபடி அளந்தபோது அது 21 வீதமாகக் குறைந்திருந்தது. காற்றே சற்றுச் சூடானதால், முன்பு போல அவ்வளவு வெறும் மண் பூச்சிக்குத் தேவைப்படவில்லை. தெற்குச் சரிவை மட்டும் நம்பியிருந்தது, மற்றத் திசைச் சரிவுகளிலும் முட்டையிடத் தொடங்கியது. அதே புல், அதே மலை. பூச்சிக்குப் பயன்படும் நிலத்தின் பரப்பு மட்டும் பெருகிவிட்டது.

ஆனாலும் அது பெருந்தூரம் தாவிப் போய்க் குடியேறுவதில்லை. புதிய குடிகள் பெரும்பாலும் பழைய குடிக்குச் சில கிலோமீற்றருக்குள்ளேயே தோன்றின. இடையில் சோளவயலும் நெடுஞ்சாலையும் வீட்டுத்திட்டமும் அகலமாக விழுந்துவிட்டால், அப்பால் எவ்வளவு நல்ல சரிவு காத்திருந்தாலும் அங்கே தாவி போய்ச் சேராது.

கோடை சூடாவது இதற்கு நல்லதுதானே என்று மகள் கேட்டாள். இதுவரை, ஓரளவுக்கு, என்றேன். இங்கிலாந்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டிய 2022-இன் கோடையில் தென் இங்கிலாந்தின் புல்வெளிகள் தேங்காய்த் தும்பு நிறத்தில் கிடந்தது அவளுக்கும் நினைவிருக்கிறது. சூடு வேண்டிய பூச்சிக்கும் புழு தின்னப் பச்சை இலை வேண்டும்.

பதிவை இம்முறை முழுமையாக அனுப்பினேன்: இனம், திகதி, எட்டு இலக்க வரைபடக் குறியீடு, ஒரே நேரத்தில் கண்ட எண்ணிக்கை, கீழ்ப்பக்கப் படம் மூன்று, முட்டைப் படம் ஒன்று, புல்லின் உயரம். கண்டவர் பெயர் என்ற இடத்தில் மகளின் பெயரை முதலில் எழுதினேன். மூன்றாம் நாள் அது ஏற்கப்பட்டு வந்தது.

ஒக்டோபர் நடுவில் ஒருமுறை திரும்பப் போனோம். தாவி ஒன்றும் இல்லை, நீலன்களும் போய்விட்டன, சரிவில் காற்று மட்டும். குளம்புத் தடத்தை அடையாளம் வைத்திருந்தபடியால் அந்தக் குஞ்சத்தைக் கண்டுபிடித்தோம். அதன் பக்கத்தில், முன்பு இல்லாத இன்னொரு தடம் புதிதாக விழுந்திருந்தது, புல்லைத் தொட்டும் தொடாமலும். மகள் குப்புறப் படுத்துக் கைவில்லையை வைத்துப் பார்த்தாள்.

“இருக்குது” என்றாள்.